விண்டோஸைப் பத்து நாள் காக்க வைக்கலாம், பிரவுசரை ஒரு நாளும் கூடாது

கணக்கை முதலிலேயே சொல்லிவிடலாம். விண்டோஸின் மாதாந்திர அப்டேட்டை ஏழிலிருந்து பத்து நாள் வரை தள்ளிப்போடுவதில் தப்பில்லை. வேலை நடக்கிற கம்ப்யூட்டரில் அப்படிச் செய்வதே நல்லது. ஆனால் 35 நாளைத் தாண்டக் கூடாது. பிரவுசர் அப்டேட்டை மட்டும் தள்ளவே கூடாது. வந்த அன்றே போட்டு, பிரவுசரை ஒருமுறை மூடித் திறந்துவிட வேண்டும்.

நடப்பு இதற்குத் தலைகீழாக இருக்கிறது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டது என்ற எரிச்சலில், எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்டை எடுத்து ஓட்டி விண்டோஸ் அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தியிருப்பார்கள். அந்த ஸ்கிரிப்ட் குரோமின் அப்டேட்டரையும் சேர்த்தே நிறுத்தியிருக்கலாம். அது தெரியாமல் அதே குரோமில் நெட் பேங்கிங், வரித் தாக்கல் எல்லாம் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஏன் பத்து, ஏன் 35

2025 மே 13 அன்று விண்டோஸ் 10-க்கு கேபி5058379 என்ற அப்டேட் வந்தது. இன்டெல் வி-புரோ (vPro) சிப் உள்ள சில கம்ப்யூட்டர்களை அது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி திரையில் கொண்டுபோய் நிறுத்தியது. 48 இலக்கச் சாவியைக் கையில் வைத்திருக்காதவர்களால் தங்கள் சொந்தக் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. திருத்தம் மே 19 அன்று வந்தது, அதாவது ஆறு நாளில். 2021 மார்ச் 9 அன்று வந்த கேபி5000802 வேறு மாதிரி படுத்தியது. சில பிராண்டு பிரிண்டர்களுக்கு பிரிண்ட் கொடுத்ததுமே நீலத்திரை விழுந்தது. அதற்கு மார்ச் 15, 18 என்று இரண்டு தவணையில் திருத்தம் தேவைப்பட்டது. இரண்டு முறையும் பத்து நாள் பொறுத்தவர்களுக்குக் கோளாறு என்று ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது.

மறுபக்கம் 2017. வான்னாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் எம்எஸ்17-010 திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. வைரஸ் பரவியது மே 12 அன்று. நடுவில் 59 நாள் இருந்தது. 35 நாளுக்குள் போட்டவர்கள் தப்பித்தார்கள், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றவர்கள் மாட்டினார்கள்.

பிரவுசரின் கதை வேறு. 2019 மார்ச் 1 அன்று கூகுள் குரோமுக்கு ஒரு அவசரத் திருத்தம் கொடுத்தது. அந்த ஓட்டையை அதற்கு முன்பே யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதோடு ஜோடி சேர்ந்த விண்டோஸ் 7 ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 12 அன்றுதான் வந்தது. பிரவுசர் திருத்தம் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: திருடன் ஏற்கெனவே தெருவில் நிற்கும்போது. அதனால்தான் இதில் பொறுத்துப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த ஜோடி விஷயத்தையும் கவனிக்க வேண்டும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றுமே வலைப்பக்கத்தை சாண்ட்பாக்ஸ் என்ற அடைப்புக்குள் வைத்து ஓட்டுகின்றன. ஒரு பக்கம் கெட்ட வேலை செய்தாலும் அந்த அடைப்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்த அடைப்பின் சுவர் விண்டோஸ் கொடுத்தது. 2019இல் நடந்த தாக்குதல் குரோம் ஓட்டை வழியே அடைப்புக்குள் நுழைந்து, விண்டோஸ் ஓட்டை வழியே சுவரைத் தாண்டியது. பிரவுசரைப் புதிதாக வைத்திருந்தால் முதல் படியிலேயே தடுத்துவிடலாம். அதற்காக விண்டோஸை அடியோடு விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை.

விண்டோஸை ஒழுங்காகத் தள்ளிப்போடுவது

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்தான் அப்டேட் நாள். அது எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில் விழும். அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு வெளியிடுகிறார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது செவ்வாய் இரவு பத்தரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. புதன் காலை கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது அது வந்து காத்திருக்கும்.

எனவே ‘பாஸ்’ (Pause, நிறுத்திவைப்பு) பொத்தானைச் செவ்வாய் மாலைக்குள் அழுத்த வேண்டும். புதன்கிழமை டவுன்லோடு முடிந்து ‘ரீஸ்டார்ட் நவ்’ என்று கேட்கத் தொடங்கிய பிறகு அழுத்தினால், பாதி இறங்கிய அப்டேட் அடுத்த ஷட்டவுனில் ஏறிவிடலாம்.

விண்டோஸ் 11இல்: செட்டிங்ஸ் → விண்டோஸ் அப்டேட் → ‘பாஸ் அப்டேட்ஸ்’ என்ற வரியில் இரண்டு வாரம் என்று தேர்ந்தெடுங்கள். அதிகபட்சம் ஐந்து வாரம் கிடைக்கும். அடுத்த வாரச் சனிக்கிழமை வந்ததும் நீங்களே ‘ரெஸ்யூம் அப்டேட்ஸ்’ அழுத்துங்கள். புதன் காலையிலிருந்து எண்ணினால் அந்தச் சனிக்கிழமைதான் பத்தாவது நாள். விண்டோஸ் 10இல்: செட்டிங்ஸ் → அப்டேட் அண்ட் செக்யூரிட்டி → அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் → ‘பாஸ் அன்டில்’ என்ற இடத்தில் தேதியையே குறிக்கலாம். இரண்டிலும் 35 நாள் முடிந்துவிட்டால், வந்ததைப் போட்ட பிறகுதான் மறுபடி பாஸ் செய்ய விடும். இந்தக் கட்டுப்பாடு நம் நன்மைக்குத்தான், அதைச் சுற்றிப்போகும் வழிகளைத் தேடாதீர்கள்.

புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடலாம். குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் → அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் → விண்டோஸ் காம்போனென்ட்ஸ் → விண்டோஸ் அப்டேட் வரை போங்கள். விண்டோஸ் 10இல் அதற்குள் ‘விண்டோஸ் அப்டேட் ஃபார் பிசினஸ்’ என்றும், 11இல் ‘மேனேஜ் அப்டேட்ஸ் ஆஃபர்டு ஃப்ரம் விண்டோஸ் அப்டேட்’ என்றும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் ‘செலக்ட் வென் குவாலிட்டி அப்டேட்ஸ் ஆர் ரிசீவ்டு’ என்பதை எனேபிள் செய்து 10 என்று போடுங்கள். 30 நாள் வரை ஏற்கும். வருடாந்திரப் பெரிய பதிப்புக்கு அதே இடத்தில் தனி வரி இருக்கிறது, அது 365 நாள் வரை ஏற்கும். இதைச் செய்த பிறகு அப்டேட் பக்கத்தில் ‘சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று வரும். பயப்பட வேண்டாம், அந்த நிறுவனம் நீங்கள்தான்.

வேலை நடுவில் ரீஸ்டார்ட் ஆவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் தள்ளிப்போடவே தேவையில்லை. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘ஆக்டிவ் அவர்ஸ்’ என்பதை மேனுவல் ஆக்கி, காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை என்று போடுங்கள். 18 மணி நேரம்தான் உச்சம். விண்டோஸ் 11இல் ‘கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ் ஆஸ் சூன் ஆஸ் தே ஆர் அவைலபிள்’ என்ற சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். ‘பிரிவியூ’ என்று பெயரில் ஒட்டியிருக்கும் மாதக் கடைசி அப்டேட்டுகளைத் தொடாதீர்கள். அடுத்த மாதம் வரப்போவதை நம் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு அது.

ஐந்தாறு கம்ப்யூட்டர் உள்ள அலுவலகம் என்றால் டேட்டாவும் ஒரு கவலை. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் → டெலிவரி ஆப்டிமைசேஷன் → மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து டவுன்லோடு செய்ய அனுமதி கொடுத்து, ‘டிவைசஸ் ஆன் மை லோக்கல் நெட்வொர்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதை மற்றவை வைஃபை வழியே பகிர்ந்துகொள்ளும். ஒரு கம்ப்யூட்டரை மட்டும் பாஸ் செய்யாமல் விட்டு, அதில் பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் எல்லாம் ஓடுகிறதா என்று மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றவற்றைத் திறந்துவிட்டால் அதைவிட நல்ல சோதனை கிடையாது.

செய்யக் கூடாதது: சர்வீசஸ் பட்டியலில் போய் விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே டிஸேபிள் செய்வது. விண்டோஸ் அதைத் தானாகவே மறுபடி எழுப்பும், இல்லாவிட்டால் ஸ்டோர் செயலிகள் இறங்காமல் நிற்கும். நிறுத்தியது நினைவில் இருக்காது, ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னும் ஒரு விலக்கு. நீங்கள் எதையும் க்ளிக் செய்யாமலே எதிராளி நெட்வொர்க் வழியே நுழையக்கூடிய ஓட்டை என்று செய்தி வந்தாலோ, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓட்டை ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாக எச்சரித்தாலோ, பத்து நாள் கணக்கை மறந்துவிட்டு அன்றே போடுங்கள்.

சனிக்கிழமை, போடும் நாளில்

பிட்லாக்கர் அல்லது ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிய லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்தக் கம்ப்யூட்டரின் பெயருக்குக் கீழே ரெக்கவரி சாவி இருக்கும். 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். அதே கம்ப்யூட்டரில் நோட்பேடில் சேமிப்பது, பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிற வேலை.

பெரிய பதிப்பு மாறும்போது சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். மாதாந்திர அப்டேட்டுக்குக் குறைவாகவே போதும். அப்டேட் முடிந்ததும் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருந்தால் அதைச் செருகிப் பாருங்கள். கோளாறு தெரிந்தால் விண்டோஸ் அப்டேட் → அப்டேட் ஹிஸ்டரி → அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் போய், அன்றைய கேபி எண்ணை மட்டும் நீக்கி, மறுபடி ஒரு வாரம் பாஸ் செய்யுங்கள். வருடாந்திரப் பதிப்பிலிருந்து திரும்ப ரெக்கவரி பக்கத்தில் ‘கோ பேக்’ இருக்கும். அது பத்து நாள் மட்டுமே இருக்கும், அதற்குள் பழைய ஃபைல்களை க்ளீனர் மென்பொருள் அழித்துவிட்டால் அதுவும் இருக்காது.

பிரவுசர் நிஜமாகவே புதிதாகிறதா

‘அதுவாகவே அப்டேட் ஆகும்’ என்பது பாதி உண்மை. இறங்குவது தானாக நடக்கும், ஏறுவது நீங்கள் மூடித் திறந்தால்தான். குரோம் 2023 ஆகஸ்டிலிருந்து வாரத்துக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் கொடுக்கிறது. லேப்டாப்பை மூடி ஸ்லீப்பில் போட்டுப் போட்டு, நாற்பது டேப்களோடு மூன்று வாரம் குரோமை மூடாமல் வைத்திருப்பவருக்கு மூன்று திருத்தமும் வாசலில் நிற்கும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். புரோகிராம் ஃபைல்ஸ் → கூகுள் → குரோம் → அப்ளிகேஷன் என்ற ஃபோல்டரைத் திறந்தால் ‘குரோம்’ என்ற ஃபைலுக்குப் பக்கத்தில் ‘நியூ_குரோம்’ என்று இன்னொன்று சில சமயம் இருக்கும். கூடவே அடுத்த பதிப்பு எண்ணில் ஒரு ஃபோல்டரும் வந்திருக்கும். அது இருந்தால் புதுப் பதிப்பு இறங்கித் தயாராக இருக்கிறது, பழையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குரோமை மூடித் திறந்ததும் அந்த ‘நியூ’ காணாமல் போகும்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால்: வலது மேல் மூலையில் மூன்று புள்ளி → ஹெல்ப் → அபவுட் கூகுள் குரோம். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அதே ஹெல்ப், அபவுட் வழிதான். பக்கத்தைத் திறந்ததுமே தேடத் தொடங்கும், ‘ரீலாஞ்ச்’ காட்டினால் அழுத்துங்கள். டேப்கள் திரும்பி வந்துவிடும், இன்காக்னிட்டோ டேப்கள் மட்டும் வராது. பாதி நிரப்பிய விண்ணப்பப் படிவமும் போய்விடும், அதை முடித்துவிட்டு அழுத்துங்கள். பதிப்பின் முதல் எண் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏறிவந்திருக்கிறது. நண்பரின் கம்ப்யூட்டரைவிட உங்களுடையது மூன்று எண் பின்தங்கியிருந்தால், சுமார் மூன்று மாதமாக ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

அடைப்பு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும்.

விண்டோஸ் அப்டேட்டை நிறுத்த வைஃபையை, டேட்டாவை அளந்து செலவழிக்கும் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஆக்கியிருப்பீர்கள். எட்ஜ் விண்டோஸ் அப்டேட்டை நம்பி இல்லை, அதற்குத் தனி அப்டேட்டர் உண்டு. ஆனால் மீட்டர்டு என்று சொன்னால் அதுவும் மரியாதையாக நின்றுவிடும். எட்ஜின் அபவுட் பக்கத்திலேயே மீட்டர்டு இணைப்பிலும் டவுன்லோடு செய்ய அனுமதிக்கும் சுவிட்ச் இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

‘கம்ப்யூட்டரை வேகமாக்கும்’ மென்பொருள் ஏதாவது கூகுள் அப்டேட்டர் சர்வீஸ்களையும் ‘மோசில்லா மெயின்டனன்ஸ் சர்வீஸ்’ என்பதையும் டிஸேபிள் செய்திருக்கலாம். சர்வீசஸ் பட்டியலில் அவற்றைத் தேடி ஸ்டார்ட்டப் டைப்பை ஆட்டோமேட்டிக் அல்லது மேனுவல் ஆக்குங்கள். எதுவும் சரிவரவில்லையா? குரோமை அன்இன்ஸ்டால் செய்யாமலே அதன்மேல் புது இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். புக்மார்க், பாஸ்வேர்டு எதுவும் போகாது, அப்டேட்டர் மட்டும் புதிதாக அமரும்.

மெனுவின் கடைசியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் யாரோ பாலிசி எழுதியிருக்கிறார்கள். அது பழைய ஸ்கிரிப்டின் மிச்சமாக இருக்கலாம், சில ஆன்டிவைரஸ்களும் எழுதும், ஆட்வேரும் எழுதும். எது என்று கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ் → ஜெனரல் → ஃபயர்ஃபாக்ஸ் அப்டேட்ஸ் பகுதியில், ஃபயர்ஃபாக்ஸ் ஓடாத நேரத்திலும் அப்டேட் செய்யும் பெட்டி ஒன்று இருக்கிறது. டிக் போடுங்கள். ஃபயர்ஃபாக்ஸைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மார்ச் 14 நல்ல சாட்சி. அன்று ஆட்-ஆன்களைச் சரிபார்க்கும் மோசில்லாவின் (ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் அமைப்பு) ஒரு ரூட் சான்றிதழ் காலாவதியானது. 128க்கு முந்தைய சாதாரணப் பதிப்புகளில் ஆட்-ஆன்கள் வேலை செய்யாமல் போகும் என்று மோசில்லா முன்பே எச்சரித்திருந்தது. ஓட்டை, வைரஸ் எதுவும் இல்லை, தேதி மாறியது, அவ்வளவுதான்.

விண்டோஸ் பின்தங்கியிருக்கும் பத்து நாளில்

சுவரில் விரிசல் இருக்கும் நாள்களில் கதவைக் கொஞ்சம் கூடுதலாகப் பூட்டலாம். இதற்கு எட்ஜில் இருக்கும் ஒரு வசதியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. செட்டிங்ஸ் → பிரைவசி, சர்ச் அண்ட் சர்வீசஸ் → செக்யூரிட்டி → ‘என்ஹான்ஸ் யுவர் செக்யூரிட்டி ஆன் த வெப்’. இதை ஆன் செய்து ‘பேலன்ஸ்டு’ என்று வைத்தால், நீங்கள் அடிக்கடி போகாத தளங்களில் ஜாவாஸ்கிரிப்டை வேகப்படுத்தும் ஜிட் பகுதியை எட்ஜ் அணைத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினின் ஓட்டைகளில் பெரும் பங்கு அந்தப் பகுதியில்தான் பிறக்கிறது. பழகிய தளங்கள் பழைய வேகத்திலேயே ஓடும். ‘ஸ்டிரிக்ட்’ எல்லாத் தளத்துக்கும் பொருந்தும், கனமான தளங்கள் திணறும். பேலன்ஸ்டு போதும்.

குரோமில் அதற்கு இணையானது சைட் செட்டிங்ஸ் பட்டியலுக்குள், குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான ‘வி8’ என்ற பெயரோடு ஒளிந்திருக்கிறது. அங்கே எல்லாத் தளத்துக்கும் அணைத்து, வேண்டிய தளங்களை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். எட்ஜைப் போலத் தானாகத் தரம்பிரிக்காது என்பதால் கை வேலை அதிகம். அதைவிட எளியது பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → செக்யூரிட்டி பக்கத்தில் ‘என்ஹான்ஸ்டு புரொடெக்‌ஷன்’ எடுப்பது. போகும் தளங்களின் விவரம் கூகுளுக்கு அதிகமாகப் போகும், அது பிடிக்காதவர்கள் ‘ஸ்டாண்டர்டு’ வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘நோ புரொடெக்‌ஷன்’ என்ற மூன்றாவது வரியை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். அதே பக்கத்தில் ‘ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்‌ஷன்ஸ்’ என்பதையும் ஆன் செய்யுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இதன் பெயர் ‘எச்டிடிபிஎஸ்-ஒன்லி மோட்’.

எக்ஸ்டென்ஷன்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆறுக்கு மேல் இருந்தால் பாதியை நீக்கிவிடலாம். வங்கிக்கு என்று தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கி அதில் எக்ஸ்டென்ஷனே இல்லாமல் வைப்பது, மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு. வலது மேல் மூலையில் உள்ள படத்தை அழுத்தினால் புது புரொஃபைல் சேர்க்கலாம், இரண்டு நிமிட வேலை.

‘புதுசு போட்டதும் வேலை செய்யவில்லை’

பிரவுசரைத் தள்ளிப்போடுபவர்களிடமும் காரணம் உண்டு. அவற்றில் முக்கால்வாசிக்கு மாற்று வழி இருக்கிறது.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து வரித் தளங்களில் கையெழுத்துப் போடுபவர்களுக்கு குரோம் 142 ஒரு தலைவலி கொடுத்தது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் கையொப்பச் செயலியோடு வலைத்தளம் பேசித்தான் கையெழுத்து ஏறும். 142இலிருந்து அப்படிப் பேச விடலாமா என்று குரோம் அனுமதி கேட்கிறது. ஆங்கிலத்தில் வரும் அந்தப் பெட்டியில் அவசரத்தில் ‘பிளாக்’ அழுத்திவிட்டால், அப்புறம் டோக்கன் கிடைக்கவில்லை என்றே தளம் சொல்லிக்கொண்டிருக்கும். டிரைவரை நாலு முறை மாற்றிப் போட்டாலும் தீராது. முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி, சைட் செட்டிங்ஸ் → ‘லோக்கல் நெட்வொர்க் ஆக்சஸ்’ → ‘அலவ்’ என்று மாற்றிப் பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். தெரிந்த தளத்துக்கு மட்டும் இதைக் கொடுங்கள். ஏதோ ஒரு செய்தித் தளம் கேட்டால் பிளாக்தான் சரி.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் பழைய தளத்துக்காக ஒரு பழைய கம்ப்யூட்டரையே அப்டேட் செய்யாமல் வைத்திருப்பார்கள். தேவையில்லை. எட்ஜ் → செட்டிங்ஸ் → டீஃபால்ட் பிரவுசர் பக்கத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடில் ரீலோடு செய்ய ‘அலவ்’ கொடுத்து, எட்ஜை ரீஸ்டார்ட் செய்து, அந்தத் தளத்தைப் பட்டியலில் சேருங்கள். பட்டியலில் சேர்த்தது 30 நாளில் காலாவதியாகும். ‘போன மாதம் ஓடியது, இப்போது இல்லை’ என்றால் காரணம் அதுதான், மறுபடி சேர்க்க வேண்டும்.

விளம்பரத் தடுப்பானுக்காகக் குரோமைப் பழைய பதிப்பிலேயே கட்டிப்போட்டவர்களும் உண்டு. பழைய வகை எக்ஸ்டென்ஷன்களைக் குரோம் 2025இல் முழுதாகக் கைவிட்டது. யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான்தான் வேண்டும் என்றால் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுங்கள், அங்கே ஓடுகிறது. குரோமிலேயே இருக்க வேண்டும் என்றால் அதன் லைட் பதிப்பு போதும். விளம்பரத்துக்குப் பயந்து ஓட்டையைத் திறந்து வைப்பது கொசுவுக்குப் பயந்து கூரையைப் பிரிக்கிற கதை.

அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாகிறது, வீடியோ பச்சையாகத் தெரிகிறது என்றால் பெரும்பாலும் பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்தான் குற்றவாளி. விண்டோஸைப் பாஸ் செய்தால் அதன் வழியே வரும் டிரைவரும் நிற்கும். செட்டிங்ஸ் → சிஸ்டம் → ‘யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன் வென் அவைலபிள்’ என்பதை அணைத்து ரீலாஞ்ச் செய்யுங்கள். சரியானால் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அணைத்தே வைத்திருந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

எல்லாத் தளமும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று ஒரே நேரத்தில் சொன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி சில வருடங்கள் பின்னால் போகும். சான்றிதழ்கள் அந்தத் தேதியில் பிறந்தே இருக்காது. பேட்டரியை மாற்றினால் தீரும், பிரவுசர் மேல் தவறில்லை.

தமிழுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. கொம்பு, கால் எல்லாம் எழுத்தோடு சரியாகச் சேர்வதை குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. எழுத்தின் உருவம் மட்டும் விண்டோஸில் உள்ள ஃபான்டிலிருந்து வருகிறது. 2019இல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகள், 1/320ஐக் குறிக்கும் முந்திரி போன்றவை, பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் பிரவுசரை எத்தனை முறை புதுப்பித்தாலும் மாறாது. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற ஃபான்டை நிறுவினால் தெரியும்.

விண்டோஸ் 10, அதற்கும் முந்தையவை

விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு பாஸ் செய்ய எதுவும் வராது, இஎஸ்யூ என்ற நீட்டிப்பில் சேர்ந்தால்தான் வரும். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். அட்மின் உரிமையுள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ அழுத்தினால் மூன்று வழி காட்டும்: செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் இலவசம், அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது 30 டாலர். ஒரே கணக்கில் பத்துக் கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம். அந்த இணைப்பு தெரியவில்லை, அழுத்தினால் மூடிக்கொள்கிறது என்றால் 2025 ஆகஸ்டில் வந்த கேபி5063709 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எட்ஜ் விண்டோஸ் 10 22எச்2-க்கு 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் கொடுக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, இஎஸ்யூ இல்லாவிட்டாலும். இதைக் கேட்டுவிட்டு ‘அப்படியானால் போதுமே’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கதவுதான் புதிது, சுவர் 2025இலேயே நிற்கும்.

விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்களுக்குக் குரோமும் எட்ஜும் 2023 ஜனவரியில் வந்த 109ஓடு நின்றுவிட்டன. ஃபயர்ஃபாக்ஸின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான 115 இஎஸ்ஆர் மட்டும் பாதுகாப்புத் திருத்தத்துக்கான கெடுவைப் பலமுறை நீட்டித்தது. அந்தக் கம்ப்யூட்டர் பழைய ஸ்கேனருக்காகவோ கணக்குக்காகவோ தேவை என்றால் இருக்கட்டும், நெட்டைப் பிடுங்கிவிடுங்கள். ஃபைலைப் பென்டிரைவில் மாற்றிக்கொள்ளலாம்.

போனில்

ஆண்ட்ராய்டில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. போன் கம்பெனி சிஸ்டம் அப்டேட் கொடுப்பதை நிறுத்தினாலும் குரோமும், செயலிகளுக்குள் வலைப்பக்கம் காட்டும் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்பதும் பிளே ஸ்டோர் வழியே தனியாகப் புதுப்பிக்கப்படும். இரண்டையும் பிளே ஸ்டோரில் பெயர் போட்டுத் தேடி ‘அப்டேட்’ இருக்கிறதா என்று பாருங்கள். பல செயலிகள் திடீரென்று திறந்ததுமே மூடிக்கொண்டால் முதல் சந்தேகம் வெப்வியூ மேல்தான் போக வேண்டும். ஆண்ட்ராய்டு 8, 9 போன்களுக்குக் குரோம் 138தான் கடைசி, 139இலிருந்து ஆண்ட்ராய்டு 10 வேண்டும்.

ஐபோனில் தப்பிக்கும் வழி கிடையாது. அங்கே நம் ஊரில் கிடைக்கும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பெயரில்தான் வேறு, உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட். அது ஐஓஎஸ்ஸோடு சேர்ந்துதான் வரும். 2023 செப்டம்பரில் ஒரு படத்தை வைத்தே கருவிக்குள் நுழையக்கூடிய ஓட்டைகள் வெளிவந்தபோது, கம்ப்யூட்டரில் குரோமைப் புதுப்பித்தால் குரோமுக்கு அது போதுமானதாக இருந்தது. ஐபோனில் ஐஓஎஸ் 16.6.1 போட வேண்டியிருந்தது. எனவே விண்டோஸுக்குச் சொன்ன பத்து நாள் கணக்கு ஐபோனுக்குப் பொருந்தாது. 16.6.1 போலக் கடைசியில் புள்ளி வைத்த சின்ன அப்டேட் வந்தால் அன்று இரவே சார்ஜில் போட்டு ஏற்றிவிடுங்கள். 17, 18 என்று முழு எண் மாறும் பெரிய பதிப்பை வேண்டுமானால் சில வாரம் பொறுத்துப் போடலாம். அந்த இடைவெளியில் பழைய பதிப்புக்கும் திருத்தம் வருகிறதா என்று செட்டிங்ஸ் → ஜெனரல் → சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.